தடை வரப்போகிறது என்ற கதையே துவக்கு விற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரை, எழுதியவருக்குப் பிள்ளைகள் மேல் இருக்கும் அக்கறை வரிக்கு வரி தெரிகிறது, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வசனம் இருக்கிறது: தடை செய்யப்போகிறோம் என்று அரசாங்கம் உறுதியாகச் சொன்னாலே போதும், பாதிப்பேர் துவக்கு (துப்பாக்கி) வாங்குவதை விட்டுவிடுவார்கள் என்று. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நடப்பது நேர் எதிர், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் கொழும்பு புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத்தெருவில் முப்பத்துநாலு வருடம் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தவன். மிளகாய், மல்லி, மஞ்சள், பருப்பு. இப்போது கடையை மகன் பார்க்கிறான். துவக்கைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம், உண்மைதான், துவக்கு எனக்குத் தெரியாது. ஆனால் பயந்துபோன சனம் எப்படிச் சாமான் வாங்கும், அந்தப் பயத்தைப் பார்த்த சில்லறைக் கடைக்காரன் என்ன செய்வான், இறக்குமதிக்காரன் என்ன செய்வான் என்பது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

2012 டிசம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலைக்குள் ஒருவன் புகுந்து 20 பிள்ளைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அதற்கு அடுத்த மாதம் நான் ஒஹையோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன், அவளுடைய இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு. நான் போய் இறங்கிய கிழமைதான் ஜனாதிபதி ஒபாமா, ஏ.ஆர்.-15 போன்ற இராணுவப் பாணித் துவக்குகளையும், 10க்கு மேல் ரவை, அதாவது குண்டு, பிடிக்கும் ரவைக்கூடுகளையும் தடை செய்யவேண்டும் என்று அறிவித்தார். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், மனைவி இல்லை, பனியைத் தள்ளி எங்கள் வாசலையும் சேர்த்துத் துப்புரவாக்கித் தருகிற நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் பேரனைக் கூட்டிக்கொண்டு இலக்குச் சுடப் போவார். ஒருநாள் விடிய, தனக்கு ரவை வாங்கவேண்டும், நீங்களும் வாருங்கள், ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று என்னையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கடை, எங்கள் மாநகரசபைச் சந்தை மாதிரி நாலு மடங்கு. மீன்தூண்டில், கூடாரம், சப்பாத்து எல்லாம் நிறைய இருக்கிறது. கடைசியில் கண்ணாடி வைத்த ஒரு மேசை, அதற்குப் பின்னால் சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்க விலைச்சீட்டுகள், சாமான் மட்டும் இல்லை. ஒரு கடதாசியில் கறுப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ஒருவருக்கு ஒரு பெட்டி. நாங்கள் போன ஏழு மணிக்கே பதினைந்து பேர் கையில் கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள். ஒரு பிள்ளை, இருபது வயதிருக்கும், வண்டிலில் நாலு அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியால் ஒட்டைக் கிழித்தாள். கால்மணித்தியாலத்தில் நாலும் காலி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே போய், காரில் வைத்துவிட்டு, மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வந்து வரிசையின் வாலில் திரும்பவும் நின்றார். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நின்றபோது நம்மூரில் இந்தக் கூத்தை எத்தனை தரம் பார்த்தோம், அதை எனக்கு முதல் காட்டியது ஒஹையோதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்கள் வரிசையில் நின்று வாங்கியது 22 என்று சொல்லும் சின்ன ரவை. முயல் சுட, தகரம் சுட, பிள்ளைகளுக்குப் பழக்கப் பாவிப்பது. ஒபாமா தடை செய்யக் கேட்ட பட்டியலில் அது இல்லவே இல்லை. ஆனால் பயம் பட்டியல் பார்ப்பதில்லை. 500 ரவை கொண்ட பெட்டியை அங்கே செங்கல் என்று சொல்வார்கள், அளவும் பாரமும் அப்படித்தான். 20 டொலர் அளவில் கிடைத்த அந்தச் செங்கல் கைமாறி 50, 60 டொலருக்குப் போனது, அதுவும் ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 2014 முழுக்க அந்தத் தட்டுப்பாடு இழுத்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ரவை எல்லாவற்றையும் வாங்கிப் பதுக்குகிறது, மக்களுக்குக் கிடைக்காமல் செய்வதற்காக என்று ஒரு வதந்தி வேறு. பிறகு வந்த அரச கணக்காய்வு அறிக்கை, அந்தத் திணைக்களத்தின் கொள்வனவு கூடவில்லை, குறைந்திருக்கிறது என்று காட்டியது. அது வந்தபோது ரவை எல்லாம் சனங்களின் கராஜுக்குள் போய்விட்டது.

திரும்பி வரும்போது காரில் பெரியவரிடம் கேட்டேன், மருமகன் மொழிபெயர்த்தார். வீட்டில் இந்த ரவை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு ஏழாயிரம் இருக்கும் என்றார். வருடத்துக்கு எவ்வளவு சுடுவீர்கள்? ஆயிரம். அப்போ ஏன் விடியப்புறம் எழும்பி இந்தக் குளிருக்குள் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நாளைக்குக் கிடைக்காமல் போனால்?" என்றார்.

இந்தப் பதிலை நான் முதல் கேட்டது அவரிடம் அல்ல. செட்டிகுளத்தில் என் பெரியப்பா அனுமதிப்பத்திரத்தோடு ஒரு வேட்டைத்துவக்கு வைத்திருந்தார், பன்றிக்கும் குரங்குக்கும். தோட்டாக்களை மலிபன் பிஸ்கட் தகரத்தில் போட்டு உமி நிரப்பி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். எழுபதுகளின் கடைசியில், எண்பதுகளின் தொடக்கத்தில், துவக்குகளை எல்லாம் அரசாங்கம் எடுக்கப்போகிறதாம், இனித் தோட்டா தரமாட்டார்களாம் என்று ஊரில் கதை வரும், போகும், திரும்ப வரும். கதை வந்த வருடம் பெரியப்பா பன்றி சுடுவதை நிறுத்திவிட்டார். தகரத்தை எடுத்து எண்ணுவார், மூடி வைப்பார். பக்கத்து வயல்காரர் ஒரு தோட்டாவுக்கு இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. அந்தப் போகம் பன்றி கிளறி வயலில் கால்வாசி போனது. பெரியம்மா கத்தினார், தோட்டாவை அவித்துத் தின்னுங்கள் என்று. ஒரு பொருள் நாளைக்கு இல்லாமல் போகலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால், மனிதன் அதை வாங்குவது மட்டுமல்ல, கையில் இருப்பதைப் பாவிப்பதையும் விட்டுவிடுகிறான். ஒருபக்கம் வாங்குகிறவர் கூடுகிறார், மறுபக்கம் விற்கக்கூடியவன் விற்கவில்லை. விலை வேறு எங்கே போகும்?

சரி, தொழிற்சாலைகள் கூட்டிச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்தார்கள், இரவு பகலாக ஓட்டினார்கள். ஆனால் இந்த 22 ரவை செய்வது மற்ற ரவைகள் மாதிரி அல்ல. தட்டினால் பற்றுகிற அந்தக் கலவையை ஈரமாக இருக்கும்போதே பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் படியவைக்கவேண்டும், ஆபத்தான வேலை, அதற்கென்று தனி இயந்திரமும் பழகிய ஆட்களும் வேண்டும். செய்கிற கம்பனிகள் சில, ஒரு ரவையில் வருகிற லாபமோ சில சதம். புதிதாக ஒரு மண்டபம் கட்டி இயந்திரம் பூட்டி எடுக்க வருடங்கள் போகும், அதற்குள் பயம் தணிந்துவிட்டால் அந்த மண்டபத்தை வைத்து என்ன செய்வது? நான் முதலாளியாக இருந்தாலும் கட்டமாட்டேன். வறட்சி வந்தால் மிளகாய் விலை ஏறும், அடுத்த போகம் எல்லாரும் மிளகாய் நடுவார்கள், விலை இறங்கும். ஆனால் பயத்தால் ஏறிய விலையை நம்பி யாரும் நடமாட்டார்கள், அது எந்த நேரமும் கீழே விழும் என்று தெரியும்.

இன்னொன்றும் நடக்கும், இதை வெளியில் இருப்பவர்கள் காண்பதில்லை. தட்டுப்பாடு என்று தெரிந்ததும் பத்துப் பெட்டி தேவைப்படுகிற கடைக்காரன் நாலு விநியோகத்தரிடமும் பத்துப் பத்தாக எழுதிக் கொடுப்பான், யாராவது ஒருவராவது தரட்டும் என்று. மேலே இருக்கிறவனின் புத்தகத்தில் அது நாற்பது. அவனும் தன் பங்குக்குக் கூட்டி எழுதுவான். பால்மா தட்டுப்பாட்டின்போது எங்கள் தெருவில் இதைத்தான் செய்தோம், எல்லாரும் செய்தோம். ஊருக்குள் இருக்கிற பசி ஒன்று, புத்தகத்தில் தெரிகிற பசி நாலு. பயம் அடங்கியதும் அந்த நாலில் மூன்று ஒரே நாளில் மறைந்துபோகும், சரக்கு கடையில் தேங்கிக் கிடக்கும்.

விலையை ஏற்றாமல் சீட்டு ஒட்டிய பெரிய கடையை ஊர் மெச்சியது. ரவை கையில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றிய சின்னக் கடைகளைத் திட்டியது, இனி உன் வாசலை மிதிக்கமாட்டோம் என்று. 15 டொலர் அளவில் விற்ற, 30 ரவை பிடிக்கும் ரவைக்கூட்டை 50, 60 டொலருக்கு விற்றவர்கள் இருந்தார்கள். ஒரு வியாபாரியாக இதில் எனக்கு ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. விலையை ஏற்றாத கடையில் பெட்டி போனது யாருக்கு? சட்டையை மாற்றி இரண்டாம் தரம் நின்றவருக்கு. அவர் அதை இரவே இணையத்தில் மூன்று மடங்குக்குப் போட்டிருப்பார். பேரனோடு சுடப் போகிறவருக்கு அது கடையில் கிடைக்காமல், கடைசியில் அந்த மூன்று மடங்கு விலைக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனால் விலையை ஏற்றியவனும் அந்த ஊரில்தான் இருபது வருடம் கடை நடத்தவேண்டும், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கவேண்டும். நான் ஏற்றியிருப்பேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் கடையில் துவக்கு வாங்கும்போது வாங்குகிறவருக்குக் குற்றப்பதிவு ஏதும் உண்டா என்று எப்.பி.ஐ. பார்க்கும் ஒரு பின்னணிச் சோதனை நடக்கும், 1998 நவம்பர் தொடக்கம் நடக்கிறது. ஒரு சோதனை என்பது ஒரு விற்பனை அல்ல, அனுமதிப்பத்திரச் சோதனைகளும் அதற்குள் வரும், ஆனாலும் சந்தையின் நாடியை அதில் பிடித்துப் பார்க்கலாம். 2012 டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 27 இலட்சத்துக்கு மேல். 2008 நவம்பரில் ஒபாமா வென்ற மாதமும் இதே மாதிரி ஒரு பாய்ச்சல், அவர் அப்போது துவக்கைப் பற்றி ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை, வந்துவிடும் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. படுகொலை நடக்கும், தடை பற்றிப் பேச்சு எழும், துவக்குக் கம்பனிகளின் பங்கு விலை ஏறும். இது அங்கே வழமையாகவே போய்விட்டது. கொலைகாரனுக்குப் பயந்து வாங்கினால்கூட விளங்கிக்கொள்ளலாம், சட்டத்துக்குப் பயந்து வாங்குவதுதான் பெருந்தொகை.

அப்புறம் அந்தச் சட்டம் வந்ததா? 2013 ஏப்ரல் 17ஆம் திகதி செனட்டில் தடைத் திருத்தத்துக்கு 40 வாக்கு ஆதரவு, 60 எதிர்ப்பு. பின்னணிச் சோதனையைக் கொஞ்சம் விரிவாக்கும் திருத்தத்துக்குக்கூட 54 கிடைத்தும் 60 தேவை என்பதால் தோற்றது. ஆக நாடு முழுவதற்குமான ஒரு சட்டமும் வரவில்லை, துவக்கு மட்டும் வந்து வீடுகளில் இறங்கிவிட்டது. 2017இல் சயன்ஸ் ஆய்விதழில் இரண்டு பொருளியலாளர்கள் இதைக் கணக்குப் பார்த்தார்கள். சாண்டி ஹூக்குக்குப் பிறகான சில மாதங்களில் வழமைக்கு மேலாக ஏறக்குறைய 30 இலட்சம் துவக்குகள் விற்றிருக்கின்றன, அந்தக் காலத்தில் தற்செயலாகத் துவக்கு வெடித்து வழமைக்கு மேலாக ஏறக்குறைய 60 பேர் செத்திருக்கிறார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். பாடசாலைக்குள் செத்த பிள்ளைகள் 20. அதைத் தடுக்கவேண்டும் என்று பேசிய பேச்சு கிளப்பிய பயத்தில் வாங்கி, மேசையிலும் அலுமாரியிலும் வைத்த துவக்கால் செத்த பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே அளவு. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, பேத்தி பிறந்ததும் அந்த மாதங்களில்தான்.

தடை உண்மையாகவே வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1994 செப்டெம்பர் 13இல் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் சில வகைத் துவக்குகளையும் 10க்கு மேல் பிடிக்கும் புதிய ரவைக்கூடுகளையும் பத்து வருடத்துக்குத் தடை செய்தது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பு செய்து முடித்தவை எல்லாம் சட்டபூர்வம். சட்டம் விவாதத்தில் இருந்த மாதங்களில் தொழிற்சாலைகள் முடிந்த மட்டும் செய்து தள்ளின, வெளிநாட்டிலிருந்தும் ரவைக்கூடுகள் இறங்கின. தடைக்கு முந்தியது என்பதே ஒரு தனி விலைப்பட்டியல் ஆனது. துவக்கு விலை ஏறி, செய்து குவித்தது அதிகம் என்று தெரிந்ததும் திரும்ப இறங்கியது. 2004இல் சட்டம் காலாவதியானபோது, தடைக்கு முந்தியது என்று கூட்டி வாங்கிய ரவைக்கூடுகளின் மவுசும் போய்விட்டது.

இயந்திரத் துவக்கின் கதை வேறு. 1986 மே 19க்கு முன்பு பதிவு செய்தவற்றை மட்டும்தான் அங்கே சாதாரண மக்கள் வாங்கி விற்கலாம், புதிதாக ஒன்றுகூடச் சேராது. எண்ணிக்கையைப் பூட்டிவிட்டார்கள், வாங்க ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அன்றைக்குச் சில நூறு, ஆயிரம் டொலருக்குப் போன துவக்கு இன்று பல பத்தாயிரம் டொலர். கொழும்பில் இருக்கும் யாருக்கும் இந்தக் கணக்கை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார் புதிதாக இறங்கியது மிகச் சொற்பம். பத்து வருடம் ஓடிய காரை, வாங்கிய விலையிலும் கூட விலைக்கு விற்ற ஆட்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். என் மச்சான் பழைய வேகன் ஆர் ஒன்றை விற்று மகளின் கலியாணத்தையே ஒப்பேற்றினார்.

பயம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். 2016 தேர்தலில் ஹிலாரி கிளின்டன் வெல்வார் என்று பலரும் நம்பினார்கள், தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் அடுத்த பாய்ச்சலுக்காகச் சரக்கு ஏற்றி வைத்தார்கள். ட்ரம்ப் வென்றார். தடை வராது என்றதும் வாங்க ஆள் இல்லை, சோதனை எண்ணிக்கை 2016இல் 2 கோடி 75 இலட்சம், அடுத்த வருடம் 2 கோடி 52 இலட்சம். கம்பனிகள் விலையைக் குறைத்து, கழிவு கொடுத்து, அப்படியும் தேங்கியது. 1816இல் தொடங்கிய ரெமிங்டன் கம்பனி 2018 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதற்குக் கடன் சுமையும் வழக்குகளும் முதலே இருந்தன, விற்பனைச் சரிவு கடைசி அடி. துவக்கு என்ன அரிசியா, தின்று முடித்துவிட்டுத் திரும்ப வாங்க? எண்ணெய் பூசி வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சுடும். இன்றைக்குப் பயத்தில் வாங்கியவன் அடுத்த ஐந்து வருடம் வரமாட்டான். 2020இல் பெருந்தொற்றும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வந்து 3 கோடி 90 இலட்சத்துக்கும் மேல் சோதனைகள் நடந்து கடைகள் காலியானபோது, ரெமிங்டன் இரண்டாம் தரம் வங்குரோத்தில் கிடந்தது.

இப்போது மஞ்சள். இதை எழுதாமல் விட்டால் நான் மற்றவர்களைப் பற்றி மட்டும் பேசியதாக ஆகிவிடும். 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்கு முந்திய கிழமைகளிலேயே தெருவில் கதை வந்துவிட்டது, மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கே தெரியும். என்னிடம் பதினாறு மூட்டை இருந்தது. பதினொன்றை வழமையான விலைக்கு விற்றேன், ஐந்தை மேல்மாடியில் ஏற்றிப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். வேறு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகச் செய்தது, பெரியப்பாவின் தகரம் மாதிரி. அடுத்த வருடம் அது கிலோ ஆயிரங்களில் போனது, 4,000, 5,000 என்று கேட்டார்கள். அதிகபட்ச விலை என்று வர்த்தமானி வந்தது, அந்த விலைக்குக் கடையில் மஞ்சள் இல்லை. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் கடற்படை மஞ்சள் மூட்டை பிடித்தது, மாவும் சாயமும் கலந்து விற்ற மஞ்சளைச் சனம் கறிக்குப் போட்டது. அந்த ஐந்து மூட்டையில் வந்த காசு எனக்குச் செரிக்கவில்லை என்பதை இந்த வயதில் ஒளிக்க விரும்பவில்லை. எங்கள் தெருவில் ஐந்து மூட்டை வைத்தவன் சின்ன ஆள். கதை முன்கூட்டி வராமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒளிக்க நேரம் இருந்திருக்காது.

ஆகவேதான் நியூசிலாந்து செய்ததை நான் எல்லாரிடமும் சொல்லுவேன். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். மார்ச் 21ஆம் திகதி அப்போதைய பிரதமர் ஜசிண்டா ஆர்டன் வந்து இராணுவப் பாணித் துவக்குகளுக்குத் தடையை அறிவித்தார், அன்று பிற்பகல் 3 மணியிலிருந்து அந்த வகைத் துவக்குகளைக் கடையில் சும்மா வாங்க முடியாது. முழுச் சட்டம் பாராளுமன்றத்தில் 119க்கு 1 என்று நிறைவேறியது ஏப்ரலில், ஆனால் கதவை முதல் நாளே பூட்டிவிட்டார்கள், சட்டம் வருவதற்குள் யாரும் வாங்கிக் குவிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி. பிறகு காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டத்தில் 56,000க்கும் மேற்பட்ட துவக்குகள் வந்தன. அவுஸ்திரேலியாவிலும் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்துப் பன்னிரண்டாம் நாள் மாநிலங்கள் எல்லாம் உடன்பட்டுவிட்டன, அங்கே ஏறக்குறைய ஆறரை இலட்சம் திரும்பி வந்தது.

கனடா மாறிச் செய்தது. கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தப்போகிறோம் என்று 2022 மே 30ஆம் திகதி அறிவித்தார்கள், அது நடைமுறைக்கு வந்தது ஒக்டோபர் 21. கிட்டத்தட்ட ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் கடைகளில் கைத்துப்பாக்கி முடிந்துபோனது, ஓகஸ்டில் இறக்குமதியை அவசரமாக நிறுத்தவேண்டி வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த அரசாங்கம்தான், அந்த நாட்டில் என் சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிறார்கள், ஆனால் இந்த அறிவிப்பு அந்த வருடம் எந்த விளம்பரக் கம்பனியும் செய்ய முடியாத வியாபாரத்தைச் செய்து கொடுத்தது.

நமக்கு இது ஏன் என்று கேட்காதீர்கள். இங்கே கடைக்குப் போய்த் துவக்கு வாங்க முடியாது, 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடாவருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவேண்டும், 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் வெடித்த மாதிரித் துவக்குகளுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. ஆனால் வன்னியில், மொனராகலையில், அனுராதபுரத்தில் பன்றிக்கும் குரங்குக்கும் பயிரைக் கொடுக்கிற விவசாயிகள் சட்டப்படி வைத்திருக்கும் வேட்டைத்துவக்குகள் உண்டு. அவற்றைத் திரும்ப எடுக்கப்போகிறார்கள், மீளாய்வு செய்யப்போகிறார்கள் என்று கதை வரும்போதெல்லாம் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: தோட்டா தகரத்துக்குள் போகும், தகரம் நெல் மூட்டைக்குப் பின்னால் போகும், மிருகம் வரும் வழியில் பொறியாக வைக்கிற கட்டுத்துவக்கைக் கட்டுகிறவனுக்கு வேலை கூடும். கட்டுத்துவக்கில் பன்றி மட்டுமா விழுகிறது, விறகுக்குப் போன மனிதனும் விழுகிறான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்ன பொருளைத் தடை செய்ய அரசாங்கம் யோசிக்கிறது என்று ஒரு செய்தி வந்தால், அது துவக்காகட்டும் மஞ்சளாகட்டும் காராகட்டும், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, ஏற்கனவே கையில் இருப்பதற்கு என்ன வழி என்று அந்த அமைச்சரிடம் உங்கள் நிருபர் கேட்கட்டும். பதில் இல்லை என்றால் அதையும் போடுங்கள். தலைப்பை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டால் அன்று மத்தியானமே எங்கள் தெருவில் மூட்டை மாடிக்கு ஏறிவிடும்.

கடைசியாக, அந்த ஒஹையோப் பெரியவர் போன மாதம் காலமானார். மகள் தொலைபேசியில் அழுதாள், பேத்திக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியதே அவர்தான். அவருடைய மகன் வேறு மாநிலத்திலிருந்து வந்து வீட்டை ஒதுக்குகிறாராம், அவருக்குத் துவக்குப் பழக்கமே கிடையாது. கராஜில் தட்டுத் தட்டாகச் செங்கல்கள், பெரும்பாலானவை பிரிக்கவில்லை, 2013ஆம் ஆண்டு விலைச்சீட்டு ஒட்டினபடி. அவற்றோடு அந்த மாதங்களில் வாங்கிய துவக்கு மூன்று, ஒன்று பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. வேண்டுமா என்று மருமகனிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னாராம். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இன்னும் அங்கேயே இருக்கிறது, எங்கள் பேத்தியின் அறை ஜன்னலுக்கு நேரே அந்தக் கராஜ்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புறக்கோட்டை வியாபாரி,
கொழும்பு 13.